லினக்ஸ் மின்ட்டில் பேசித் தட்டச்சு செய்வதும் குரலால் கட்டளை போடுவதும்: முதல்முறை முயல்பவர்களுக்கு

சென்ற வருஷம் மழையில் வண்டி சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன். என் வேலை பிழை திருத்துவது, நாள் முழுக்க விசைப்பலகைதான். இடது கையின் ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்ததில் இரண்டாம் நாளே பொறுமை போய்விட்டது. சரி, வாய் நன்றாகத்தானே இருக்கிறது, பேசிப் பார்ப்போம் என்று ஆரம்பித்ததுதான் இது. கட்டைப் பிரித்து மாதக்கணக்காகியும் பழக்கம் விடவில்லை, நீண்ட மின்னஞ்சல்களை இன்னமும் பேசித்தான் எழுதுகிறேன்.

விண்டோஸ் 11-இல் வாய்ஸ் ஆக்சஸ் என்று ஒன்று கூடவே வருகிறது. மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து வாய்ஸ் கன்ட்ரோல் இருக்கிறது. லினக்ஸ் மேசைகளில் அப்படித் தயாராக எதுவும் கிடையாது, துண்டு துண்டாக இருப்பதை எடுத்து நாமே தைத்துக்கொள்ள வேண்டும். துணி நல்ல துணிதான், தையல்தான் நம் வேலை.

தைப்பதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் இதைப் பிரிக்காததால் முதல் வாரம் முழுக்க வீண். பேசுவதை எழுத்தாக்குவது ஒரு வேலை, "ஜன்னலை மூடு" என்றால் கணினி மூடுவது முற்றிலும் வேறு வேலை. முன்னதற்கு நிரலுக்கு மொழியே தெரிந்திருக்க வேண்டும், நீங்கள் அடுத்து என்ன சொல்வீர்கள் என்று யாருக்கும் தெரியாது. பின்னதற்கு நிரலுக்கு இருபது சொற்றொடருக்கு மேல் தெரியவே கூடாது, ஆனால் சொன்ன கணத்தில் செய்ய வேண்டும். முதல் வேலைக்கு விஸ்பர், இரண்டாவதுக்கு வோஸ்க், இரண்டுமே பேச்சை அடையாளம் காணும் நிரல்கள். இரண்டையும் ஒரே நிரலிடம் கேட்டால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும்.

இரண்டுமே இணையம் இல்லாமல் உங்கள் கணினியிலேயே ஓடுபவை, உங்கள் குரல் வீட்டை விட்டு வெளியே போகாது. நான் வைத்திருப்பது லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் மேசை, 8 ஜிபி நினைவகம், தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத பழைய மடிக்கணினி. உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு எங்கே வழி மாறும் என்பதை நடுவில் சொல்கிறேன். டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் அடிக்கும் கட்டளைகளை நான் இங்கே வரிவரியாகத் தரவில்லை. இந்த நிரல்கள் அடிக்கடி மாறுகின்றன, இரண்டு வருஷப் பழைய கட்டுரையிலிருந்து கட்டளையை ஒட்டிவிட்டு முழிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தந்த நிரலின் முகப்புப் பக்கத்திலிருந்தே நகலெடுங்கள்.

முதலில் மைக்

யாரும் இதைச் செய்வதில்லை. மைக்கைக் கவனிக்காமல் மாடலை, அதாவது நிரல் பேச்சைப் புரிந்துகொள்ள வைத்திருக்கும் பயிற்சிக் கோப்பை, மாற்றி மாற்றிப் போடுவது, புளித்த மாவை வைத்துக்கொண்டு தோசைக்கல்லை மாற்றுகிற கதை.

கணினி அமைப்புகளில் ஒலி, அதில் உள்ளீடு என்ற தாவலுக்குப் போங்கள். பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் இருக்கலாம், எது உங்களுடையது என்று விரலால் மைக்கை மெல்லத் தட்டிப் பாருங்கள், அளவுமானி துள்ளும். பிறகு சாதாரணக் குரலில் நாலு வாக்கியம் பேசுங்கள். மானி பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் ஆட வேண்டும். கடைசிவரை போய் முட்டினால் குரல் பிசிறடிக்கிறது என்று அர்த்தம், குறைத்து வையுங்கள். அப்புறம் ஒலிப்பதிவுச் செயலி ஒன்றில் பத்து விநாடி பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். உங்கள் காதுக்கே புரியச் சிரமமாக இருந்தால் நிரலைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

மடிக்கணினியின் சொந்த மைக் வாயிலிருந்து தள்ளி இருக்கும், உள்ளே ஓடும் காற்றாடிச் சத்தம், மேலே ஓடும் மின்விசிறிச் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கும். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசு என்று நான் சொல்லப் போவதில்லை. கம்பி உள்ள, வாய்க்குப் பக்கத்தில் மைக் வருகிற சாதாரண யூஎஸ்பி ஹெட்செட் போதும். மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காதீர்கள், உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேராக வைத்தால் ப, ட வரும்போதெல்லாம் காற்று மோதி டப் டப் என்று கேட்கும்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டுக் கேட்கும்போது நன்றாக இருப்பது, மைக்கைத் திறந்ததும் தொலைபேசிக்கான முறைக்கு மாறிவிடும். அதிலும் பழைய வகை என்றால் விநாடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கும். விஸ்பர் எதிர்பார்ப்பது 16,000. இல்லாத ஒலியை எந்த மாடலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது, ச-வும் ஷ-வும் ஸ-வும் ஒன்றாகிவிடும். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: பின்னால் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனித் துளை இருந்தால், கைப்பேசியோடு வந்த ஒற்றை முனை இயர்ஃபோனின் மைக் அதில் வேலை செய்யாது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சின்ன இணைப்பி ஒன்று வாங்க வேண்டும்.

பேச்சை எழுத்தாக்க: ஸ்பீச் நோட்

விஸ்பர் 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்டது, 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது, அதில் தமிழும் உண்டு. அதை நேரடியாக ஓட்ட டெர்மினல் வேண்டும். ஜியார்ஜி கெர்கனோவ் அதை சி++ மொழியில் மாற்றி எழுதிய விஸ்பர்.சிபிபி வந்த பிறகு சாதாரணக் கணினியிலும் ஓடுகிறது. நாம் அதையும் நேராகத் தொட வேண்டாம், அதற்குச் சட்டை மாட்டிவிட்ட ஸ்பீச் நோட் என்ற செயலி இருக்கிறது.

மென்பொருள் மேலாளரைத் திறந்து ஸ்பீச் நோட் என்று தேடுங்கள், ஃப்ளாட்ஹப் என்ற செயலிக் கிடங்கிலிருந்து ஃப்ளாட்பேக் என்ற தொகுப்பு வடிவில் வரும். தேடலில் வரவில்லை என்றால் மேலாளரின் விருப்பங்களில், சரிபார்க்கப்படாத ஃப்ளாட்பேக்குகளையும் காட்டச் சொல்லும் பெட்டியை டிக் செய்துவிட்டுத் தேடுங்கள். பதிவிறக்கம் பெரிது, வைஃபையில் செய்யுங்கள்.

திறந்ததும் மொழிகள் என்ற பொத்தான் இருக்கும். அதில் தமிழைத் தேர்ந்தால் கிடைக்கும் மாடல்களின் பட்டியல் வரும். விஸ்பர் மாடல்கள் அளவு வாரியாக இருக்கும்: டைனி சுமார் 75 எம்பி, பேஸ் 142, ஸ்மால் 466, மீடியம் 1.5 ஜிபி, லார்ஜ் கிட்டத்தட்ட 3 ஜிபி. தமிழுக்கு டைனியையும் பேஸையும் தொடவே தொடாதீர்கள். ஆங்கிலத்துக்கு அவை பரவாயில்லை என்று சொல்வார்கள், அந்தப் பேச்சை நம்பித் தமிழில் முயன்றால் என்ன மொழி என்றே தெரியாத ஒன்று வரும். ஸ்மாலில் தொடங்கி, நினைவகம் தாங்கினால் மீடியம் போங்கள். மீடியம் ஓடும்போது ஏறக்குறைய 2 ஜிபி நினைவகம் எடுக்கும், 8 ஜிபி கணினியில் உலாவியில் முப்பது தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டு இதையும் ஓட்ட முடியாது. என்விடியா அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் அதற்கான துணைத்தொகுப்பு தனியாக இருக்கிறது, போட்டால் வேகம் தெரியும்.

தமிழ் ஆங்கிலத்தைவிட மெதுவாகத்தான் வரும், கணினி கோளாறு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். விஸ்பர் எழுத்துகளைத் துண்டு துண்டாக வெளியிடுகிறது. ஆங்கிலச் சொல் ஒன்று ஒரே துண்டாக வந்துவிடும், நம் சொல் ஒன்றுக்குப் பல துண்டு செலவாகும். என் மடிக்கணினியில் ஸ்மால் மாடலோடு ஒரு வாக்கியம் சொல்லி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் எழுத்து வந்திருக்கும். மீடியம் என்றால் டம்ளரையே காலி செய்யலாம்.

கேட்கும் முறையில் மூன்று வகை இருக்கிறது: ஒரு வாக்கியம் கேட்டு நிறுத்துவது, பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை கேட்பது, எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பது. முதலில் ஒரு வாக்கிய முறையை வையுங்கள். எப்போதும் கேட்கும் முறை கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் விஸ்பருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: அமைதியைக் கொடுத்தால் சும்மா இருக்காமல் தானே எதையாவது கற்பனை செய்து எழுதும். நான் வாசலுக்குப் போய்ப் பார்சல் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, என் அலுவல் கடிதத்தின் நடுவில் யாருக்கோ நன்றி சொல்லியிருந்தது.

மொழியைத் தமிழ் என்று குறிப்பாக வைத்துவிடுங்கள், தானாகக் கண்டுபிடி என்று விடாதீர்கள். இரண்டு சொல் மட்டும் பேசினால் அது மலையாளம் என்று முடிவு கட்டினாலும் கட்டும். நீங்கள் தமிழில் பேச ஆங்கிலம் வருகிறது என்றால், மொழிபெயர்க்கும் விருப்பம் எங்கோ இயங்கிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்துங்கள்.

எழுத்தை வேண்டிய இடத்தில் இறக்குவது

இதுவரை செய்ததில் எழுத்து ஸ்பீச் நோட்டின் பெட்டிக்குள்தான் விழும். மின்னஞ்சலிலோ லிப்ரே ஆஃபீஸிலோ விழ வேண்டுமே. செயலியில் அதற்கு இரண்டு வழி இருக்கிறது: ஒன்று, முன்னால் இருக்கும் சாளரத்தில் தானே தட்டச்சு செய்வது, இன்னொன்று, கிளிப்போர்டில் போட்டுவிடுவது. ஆங்கிலத்துக்கு முதல் வழி சுகம். தமிழுக்கு இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன், ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இந்த இடத்தில்தான் எனக்கு நிறைய முடி உதிர்ந்தது.

தானே தட்டச்சு செய்வது என்றால் ஏதோ ஒரு பேய் விசைப்பலகை உங்களுக்காக விசைகளை அழுத்துகிறது. திரையில் சாளரங்களைக் காட்டும் மின்ட்டின் பழைய ஸோர்க் முறையில் எக்ஸ்டூடூல் என்ற கருவி அதைச் செய்யும். உங்கள் விசைப்பலகை அமைப்பில் இல்லாத எழுத்து வந்தால், காலியான விசை ஒன்றில் அந்த எழுத்தை ஒட்டி, அழுத்தி, பிய்த்து, அடுத்த எழுத்தை ஒட்டும். தமிழில் கிட்டத்தட்ட எல்லா எழுத்தும் அப்படித்தான். வேகம் கூடினால் ஒட்டுவதும் அழுத்துவதும் முன்பின்னாகி, புள்ளி இல்லாமல் ஒரு மெய், கொம்பு இல்லாமல் ஒரு உயிர்மெய் என்று விழும். "கோயில்" சொன்னேன், "கயில" என்று வந்தது. மாடல் தப்புச் செய்கிறது என்று நினைத்து மூன்று மாடல் மாற்றினேன், ஸ்பீச் நோட்டின் பெட்டிக்குள் பார்த்தால் கோயில் கோயிலாகவே இருக்கிறது! குற்றவாளி மாடல் இல்லை, பேய் விசைப்பலகை.

கிளிப்போர்டில் இந்தத் தொல்லையே இல்லை, முழு வாக்கியமும் அப்படியே ஒட்டப்படும். செய்ய வேண்டியது இதுதான். ஸ்பீச் நோட் அமைப்புகளில் வெளியிலிருந்து செயல்களைத் தூண்ட அனுமதிக்கும் விருப்பத்தைத் திறந்துவிடுங்கள். பிறகு சின்னமன் அமைப்புகளில் விசைப்பலகை, குறுக்குவழிகள், தனிப்பயன் குறுக்குவழி என்று போய்ப் புதிதாக ஒன்று சேருங்கள். கட்டளை இடத்தில், கிளிப்போர்டுக்குக் கேட்கத் தொடங்கும் செயலின் வரியை அதன் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டுங்கள், விசையாக யாரும் தொடாத ஒன்றைக் கொடுங்கள். எனக்கு எஃப் 9. நிறுத்துவதற்கு எஃப் 10. அவ்வளவுதான்: எஃப் 9, பேச்சு, ஒரு மடக்குத் தண்ணீர், கண்ட்ரோல் + வி. டெர்மினலில் ஒட்ட மட்டும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி.

முன்பு நகலெடுத்து வைத்திருந்தது அழிந்துவிடுமே என்றால், ஆமாம், அழியும். காப்பிக்யூ போல கிளிப்போர்டு வரலாற்றை வைத்திருக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கேடிஈ பிளாஸ்மா என்ற இன்னொரு லினக்ஸ் மேசையில் அது கூடவே வருகிறது.

உபுண்டுக்காரர்கள் இங்கேதான் தனியாகப் பிரிகிறார்கள். உங்களுடையது ஸோர்க்குக்குப் பதிலாக வந்த புதிய வேலாண்ட் முறை. அதில் ஒரு செயலி இன்னொரு செயலிக்குள் விசை அழுத்துவதைப் பாதுகாப்புக்காகவே தடுத்திருக்கிறார்கள், எக்ஸ்டூடூல் அங்கே உதவாது. 24.04 பதிப்பில் உள்நுழையும் திரையின் மூலையிலிருக்கும் பற்சக்கரத்தை அழுத்தி ஸோர்க் முறைக்கு மாறிக்கொள்ளலாம். 25.10-இலிருந்து உபுண்டுவின் வழக்கமான க்னோம் மேசைக்கு அந்த வழியும் இல்லை. அங்கே ஒய்டூடூல் என்ற கருவி இயங்குதளத்தின் அடித்தளமான கர்னல் மட்டத்தில் விசை அழுத்தும், பின்னணியில் அதன் சேவை ஓட வேண்டும், அனுமதியும் கொடுக்க வேண்டும். ஆனால் அது அறிந்தது விசை எண்களை மட்டும்தான், தமிழ் எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் அதற்குக் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்று: கிளிப்போர்டில் வாக்கியம் வந்ததும் கண்ட்ரோல் + வி அழுத்துவது. அதற்கான எண் வரிசை 29:1 47:1 47:0 29:0. 29 கண்ட்ரோல், 47 வி, 1 அழுத்துவது, 0 விடுவது.

தமிழ் பேசும்போது

எழுத்துத் தமிழில் பேச வேண்டுமா என்று கேட்பார்கள். செய்தி வாசிப்பாளர் போல உட்கார்ந்து பேசத் தேவையில்லை, ஆனால் "வந்துட்டுருக்கேன்" என்று ஒரே மூச்சில் முழுங்கினால் அதுவும் முழுங்கும். நான் "நாளைக்குக் காலைல வந்துடறேன்" என்றால் ஒரு நாள் காலையில் என்று திருத்தியும், ஒரு நாள் காலைல என்று அப்படியேயும் போடுகிறது, அதன் மனநிலையைப் பொறுத்தது. வேலைக்கான எழுத்து என்றால் எழுத்துநடையில் பேசிவிடுவது கடைசியில் லாபம், திருத்தும் நேரம் குறையும்.

பாதி வாக்கியத்தில் நின்று யோசிக்காதீர்கள். விஸ்பர் 30 விநாடித் துண்டாகக் கேட்டு, முன்பின் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்லை முடிவு செய்கிறது. தனிச் சொல்லாகச் சொன்னால் தவறும், முழு வாக்கியமாகச் சொன்னால் அதே சொல் சரியாக விழும். மனதுக்குள் வாக்கியத்தை முடித்துவிட்டு வாயைத் திறக்கும் பழக்கம் வர எனக்கு ஒரு வாரம் பிடித்தது. காற்புள்ளி, முற்றுப்புள்ளியைச் சொல்ல வேண்டாம், அதுவே போட்டுக்கொள்ளும்.

திருத்தும்போது மூன்று இடங்களைப் பாருங்கள். ழ-வும் ள-வும்: வாழை இலை எனக்குப் பல முறை வாளை இலையாகியிருக்கிறது. ன-வும் ண-வும், ர-வும் ற-வும் அதே கதைதான். இரண்டாவது ஒற்று, "வேலைக்குப் போனேன்" என்பதில் அந்தப் ப் வரும் வராது, பிழை திருத்துபவன் என்ற முறையில் எனக்கு இது தனி வேதனை. மூன்றாவது ஆங்கிலச் சொற்கள்: "ஃபைலை அனுப்பினேன்" என்றால் ஃபைல் தமிழ் எழுத்திலும் வரலாம், ஆங்கில எழுத்திலும் வரலாம். கண்டுபிடித்து மாற்று வசதியை வைத்துக் கடைசியில் ஒரு சுற்றுப் போவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கட்டளைகளுக்கு: வோஸ்க்

இப்போது இரண்டாவது வேலை. இதற்கும் விஸ்பரையே பயன்படுத்தலாம் என்று தோன்றும். "மேலே" என்று சொல்லிவிட்டு இரண்டு விநாடி காத்திருந்து பாருங்கள், அதற்குள் எலியைப் பிடித்து உருட்டியிருப்பீர்கள்.

வோஸ்க் என்பது கால்டி என்ற பழைய ஆராய்ச்சிக் கருவியின் மேல் கட்டியது. அதன் சிறிய மாடல்கள் 40, 50 எம்பி அளவுதான், நீங்கள் பேசப் பேசவே எழுதிக்கொண்டு வரும். நான் பார்த்தவரை அதன் பட்டியலில் இந்தி, தெலுங்கு, குஜராத்தி உண்டு, தமிழ் இல்லை. ஆனால் இந்திய ஆங்கிலத்துக்கு என்றே ஒரு சிறிய மாடல் இருக்கிறது, நம் நாக்குக்கு அமெரிக்க மாடலைவிட அது எவ்வளவோ மேல்.

நிறுவுவது இப்படி. மின்ட் 22-இல் பைத்தான் நிரல்மொழியின் தொகுப்புகளை, அவற்றை நிறுவும் பிப் என்ற கருவி கொண்டு நேராகப் போட முயன்றால் இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று திட்டி அனுப்பிவிடும். பயப்பட வேண்டாம், மெய்நிகர் சூழல் (venv) ஒன்றை, அதாவது பைத்தானுக்கென்று தனி அறை ஒன்றை, உங்கள் வீட்டு அடைவில் உருவாக்கி அதற்குள் போங்கள். அதில் வோஸ்க், சவுண்ட்டிவைஸ் என்ற இரண்டு தொகுப்புகளைப் போடுங்கள். சவுண்ட்டிவைஸுக்குப் போர்ட்ஆடியோ நூலகம் வேண்டும், அதை மட்டும் கணினியின் வழக்கமான தொகுப்பு மேலாளரில் நிறுவுங்கள். சிறிய இந்திய ஆங்கில மாடலை வோஸ்க் தளத்திலிருந்து இறக்கி, ஜிப்பைப் பிரித்து வையுங்கள். வோஸ்க்கின் மூலநிரலில் பைத்தான் எடுத்துக்காட்டுகள் அடைவுக்குள் டெஸ்ட் மைக்ரோஃபோன் என்ற கோப்பு இருக்கும், அதை ஓட்டிப் பேசிப் பாருங்கள். சொற்கள் திரையில் ஓடினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி, அதன் வாயைக் கட்டுவது. அடையாளம் காணும் பொருளை உருவாக்கும் வரியில் மாடல், மாதிரி வேகம் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரி) என்று இரண்டு இருக்கும். மூன்றாவதாக நீங்கள் அனுமதிக்கும் சொற்றொடர்களின் பட்டியலைக் கொடுத்தால், அதன்பின் அந்தப் பட்டியலுக்கு வெளியே எதையும் கேட்காது. டெஸ்ட் வேர்ட்ஸ் என்ற பக்கத்துக் கோப்பில் எண்களை வைத்து இதைக் காட்டியிருக்கிறார்கள், அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் (a, b, c) இருக்க வேண்டும். சிறிய மாடல்களில்தான் இது நடக்கும், 1 ஜிபி மாடலை இறக்கிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று உட்காராதீர்கள்.

அந்த எடுத்துக்காட்டின் பட்டியல் கடைசியில், சதுர அடைப்புக்குள் யு, என், கே என்று மூன்று எழுத்து இருப்பதைக் கவனியுங்கள். தெரியாத சொல் எல்லாம் அதில் போய் விழும். முதல் தடவை இது எதற்கு என்று நான் எடுத்துவிட்டேன். அது இல்லாவிட்டால் காதில் விழும் எந்தச் சத்தத்தையும் பட்டியலில் உள்ள ஏதாவது ஒன்றாகத்தான் கேட்டாக வேண்டும் என்று நிரல் நினைத்துக்கொள்ளும். தெருவில் பழைய இரும்பு, பழைய பேப்பர் வாங்குகிறவர் ஒலிபெருக்கியோடு வந்தார். அவர் முதல் சந்தைத் தாண்டுவதற்குள் என் உலாவியில் நாலு தாவல் மூடப்பட்டு, பாட்டு ஓடி, ஒலியளவு மூன்று படி ஏறியிருந்தது.

அடுத்தது, சொற்றொடரையும் செயலையும் இணைப்பது. பைத்தானில் ஓர் அகராதி (dictionary) எழுதுங்கள், இடப்பக்கம் சொற்றொடர், வலப்பக்கம் ஓட்ட வேண்டிய கட்டளை. விசை அழுத்த எக்ஸ்டூடூல், சாளரங்களை நகர்த்த, மூட டபிள்யூஎம்கன்ட்ரோல் (wmctrl), பாட்டை நிறுத்த, ஓட்ட பிளேயர்கன்ட்ரோல் (playerctl). இறுதி முடிவு வந்த பிறகே செயலைச் செய்யச் சொல்லுங்கள். வோஸ்க் நடுவில் தரும் அரைகுறை முடிவுகளை வைத்துச் செய்தால் ஒரு முறை சொன்னதற்கு நாலு முறை நடக்கும். கேட்ட சொல்லை அப்படியே டெர்மினலுக்கு அனுப்பும் வேலையை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், அகராதியில் இருந்தால் ஓட்டு, இல்லாவிட்டால் சும்மா இரு, அவ்வளவுதான். கோப்பை அழிப்பது, கணினியை அணைப்பது இரண்டையும் என் அகராதியில் நான் வைக்கவில்லை. எழுந்து வந்து கையால் செய்துகொள்கிறேன்.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். ஒற்றை அசைச் சொல் வேண்டாம், ஒன்றுக்கொன்று காதில் ஒட்டக்கூடாது, வீட்டில் பேச்சுவாக்கில் வரக்கூடாது. "ஓப்பன்" மட்டும் என்பது மோசம், "ஓப்பன் பிரௌசர்" நல்லது. பத்தில் தொடங்குங்கள், பழகிய பிறகு இருபது.

தமிழில் கட்டளை போட முடியாதா என்றால், ஒரு குறுக்கு வழி உண்டு, சிரிக்காதீர்கள். பட்டியலில் இருப்பது ஆங்கிலச் சொற்களாக இருந்தால் போதும், பொருள் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. "மே", "லே" என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் மேலே. "கீ", "லே" சேர்த்தால் கீழே. "தே", "டூ", அதாவது அவர்கள் செய்கிறார்கள் என்கிற அந்த இரண்டு சொல், நம் உச்சரிப்பில் கிட்டத்தட்டத் தேடு. எனக்குப் பத்துக்கு ஏழெட்டு முறை நடக்கிறது. மாடலுக்குத் தெரியாத சொல்லைப் பட்டியலில் போட்டால், இந்தச் சொல் தெரியாது, விட்டுவிடுகிறேன் என்று தொடக்கத்திலேயே டெர்மினலில் சொல்லிவிடும், அதைப் பார்த்து வேறு சொல் தேடிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைப் பொழுது நன்றாகவே போகும்.

பைத்தான் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு நியூமன் என்ற நிரல் இருக்கிறது, அதுவும் வோஸ்க்கின் மேல்தான் ஓடுகிறது, சொற்றொடர்களை ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதினால் போதும். கை அறவே முடியாதவர்கள், குரலாலேயே நிரல் எழுத வேண்டியவர்கள் டாலன் என்பதைப் பாருங்கள். இலவசம்தான், திறந்த மூலம் இல்லை, லினக்ஸில் ஸோர்க் முறை கேட்கும். அதில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஏர், பேட், கேப், ட்ரம் என்று ஒரு சொல் மனப்பாடம் செய்ய வேண்டும். கற்க மாதம் ஆகும், கற்றவர்கள் விடுவதில்லை.

இரண்டும் ஒரே வீட்டில்

நீங்கள் கடிதம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கட்டளை நிரலும் காதைத் திறந்து வைத்திருக்கும். கடிதத்தில் "மேலே குறிப்பிட்டபடி" என்று வந்தால் பக்கம் மேலே ஓடிவிடும். அதனால் கட்டளைப் பட்டியலில் தூங்கு, விழி என்ற இரண்டைக் கட்டாயம் வையுங்கள். நான் வைத்திருப்பது "கோ டு ஸ்லீப்", "வேக் அப்". தூங்கச் சொன்னால் நிரலில் ஒரு கொடி (கேட்கலாமா கூடாதா என்ற குறி) கீழே இறங்கும், விழிக்கும் சொல்லைத் தவிர எதையும் செய்யாது. இன்னும் நல்லது, எஃப் 9-இன் குறுக்குவழியிலேயே கட்டளை நிரலை நிறுத்திவைத்துவிட்டு, எஃப் 10-இல் மறுபடி ஓட விடுவது. டெர்மினல் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு சின்ன ஷெல் கோப்பில் இரண்டு வேலையையும் எழுதி, குறுக்குவழியை அதற்குத் திருப்பிவிட்டால் முடிந்தது.

திடீரென்று ஒன்றுமே கேட்கவில்லை என்றால், நிரலைப் பிரித்துப் போடும் முன் உள்ளீட்டுத் தாவலைப் பாருங்கள். ஹெட்செட்டைக் கழற்றி மாட்டியதில் கணினி பழைய மைக்குக்குத் தாவியிருக்கும். நான் பார்த்த பத்துக் கோளாறில் எட்டு இதுதான். கேட்கிறது, தப்பாகக் கேட்கிறது என்றால் ஒலியளவு. சரியாகக் கேட்டு, எழுத்து உடைந்து விழுகிறது என்றால் மேலே சொன்ன பேய் விசைப்பலகை.

கணினி தொடங்கும்போதே கட்டளை நிரலும் எழ வேண்டும் என்றால் தொடக்கப் பயன்பாடுகளில் சேர்த்துவிடுங்கள். அதில் தாமதம் என்று ஒரு பெட்டி இருக்கும், பத்து விநாடி கொடுங்கள். யூஎஸ்பி மைக் எழும் முன் நிரல் எழுந்துவிட்டால் மடிக்கணினியின் சொந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் ஹெட்செட்டில் கத்துவது காதில் விழாமல் நாள் முழுக்கக் காற்றாடியையே கேட்டுக்கொண்டிருக்கும்.